அலர் கொல்லாத பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவிகளைப் பற்றி வதந்தி பரவுகிறது. ஒருத்தி நூறு ஆண்களோடு படுத்தவள் என்கிறார்கள். இன்னொருத்தி முன்பு ரவுடிக் கும்பலுக்குத் தலைவியாக இருந்தவள் என்கிறார்கள். இதையெல்லாம் பரப்பியவள் அவர்களுடைய புதிய தோழிதான் என்று மூன்றாவதாக ஒரு வதந்தியும் சேர்ந்துகொள்கிறது. நம்மூர்க் கதையாக இருந்தால் இந்த இடத்தில் யாராவது ஒருத்தியின் படிப்பு நின்றிருக்கும். மாமன் மகனுக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். ஜப்பானிய அனிமே தொடரான 'கிமி நி தொதொகே'யில் மூன்று பெண்களும் பள்ளிக் கழிப்பறையில் நின்று அழுகிறார்கள். உண்மையைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். மறுநாள் வகுப்புக்குப் போகிறார்கள். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தொடரின் பெயரை 'உன்னை வந்து சேரட்டும்' என்று தமிழில் சொல்லலாம். ஷீனா கருஹோ என்ற பெண் 2005இல் ஒற்றைக் கதையாகத் தொடங்கி, பெண்களுக்கான மாத இதழ் ஒன்றில் 2017 வரை வரைந்த ஓவியக்கதை இது. மொத்தம் 30 தொகுதிகள். 2008இல் கோதான்ஷா விருது பெற்றது. கபுராகி ஹிரோ இயக்கத்தில் 2009 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்தது. இரண்டாம் பருவம் 2011இல் வந்தது. மூன்றாவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சின்சானையும் டோரேமானையும் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை, கைபேசி சொந்தமானதும் இத்தகைய பள்ளிக்கூடக் காதல் தொடர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவிகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள். வகுப்பில் தமிழ் படித்து, ஜப்பானியக் குரலை ஆங்கில எழுத்தில் பின்தொடர்கிறார்கள். இதில் அப்படி என்னதான் பிடிக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமே ஆகாது மேம், அதான்" என்றாள் ஒருத்தி. பொழுதுபோக்கு விமர்சகர்கள் இத்தொடர்களின் குறையாகச் சொல்வதும் இதையேதான்: ஒன்றுமே நடப்பதில்லை. விமர்சகருக்குக் குறையாகப் பட்டது இந்தப் பெண்ணுக்கு ஏன் நிறைவாகப் படுகிறது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அம்பலும் அலரும்

தமிழ் படித்தவளுக்கு இத்தொடரைப் பார்த்ததும் நினைவுக்கு வருவது அகத்திணைதான். களவுக் காதலின் கதைமாந்தர்கள் அனைவரும் இங்கே வேறு உடையில் நிற்கிறார்கள். ஊர்ப் பெண்கள் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அதுவே வெளிப்படையாகப் பரவினால் அலர். அலர் எழுந்ததும் தாய்க்குச் சந்தேகம் வருகிறது. மகளை வீட்டுக்குள் அடைக்கிறாள், அதற்கு இற்செறிப்பு என்று பெயர். உடல் மெலிந்தவளுக்குப் பேய் பிடித்தது என்று வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். வழியில்லாதபோது உடன்போக்கு.

இந்த வரிசையை நாம் இலக்கணமாகவும் அழகியலாகவும் கற்பிக்கிறோம். பெண்ணின் பக்கத்திலிருந்து படித்தால் ஒரே ஒரு செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது: அலருக்குத் தீர்வு திருமணம் மட்டுமே. தோழி தலைவனிடம் விரைவில் மணந்துகொள் என்று வற்புறுத்துவதை வரைவு கடாதல் என்கிறோம். அவளுடைய முதன்மையான வாதம் அலர்தான். ஊர் பேசுகிறது, இனித் தாமதிக்காதே. திருக்குறளில் அலருக்கென்றே 115ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே அலரைக் காதலர்கள் வரவேற்கவும் செய்கிறார்கள். அவர்கள் தயங்கியதை ஊர்ப்பேச்சு முடித்துவைக்கும் என்ற நம்பிக்கை அது. காதலித்தவளுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறொரு நாளையை அந்த மரபு எண்ணிப் பார்க்கவில்லை.

தோழியையும் இங்கே கவனிக்க வேண்டும். அகப்பாடல்களில் அதிகம் பேசுபவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. அதாவது வீட்டில் வளர்க்க வந்தவளின் மகள். அவள் அறிவாள், பேசுவாள், சூழ்ச்சி செய்வாள், காவல் நிற்பாள். அவளுக்கென்று ஒரு காதல் கிடையாது. தலைவியின் கதையை நடத்தித் தருவதோடு அவள் வேலை முடிந்தது.

பள்ளிக்குப் போனவளும் ஆலைக்குப் போனவளும்

ஜப்பானில் பள்ளி மாணவி என்ற உருவம் தானாகத் தோன்றியதில்லை. 1899இல் வந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆணை, ஒவ்வொரு மாகாணமும் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளியேனும் நடத்த வேண்டும் என்றது. நோக்கம் பெண்விடுதலை கிடையாது. 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்பதே அன்றைய கல்விக் கொள்கையின் முழக்கம். ஆனால் அரசு எதிர்பாராத ஒன்று நடந்தது. குழந்தைப் பருவத்துக்கும் திருமணத்துக்கும் நடுவில் சில ஆண்டுகள் காலியாகக் கிடைத்தன. அந்த ஆண்டுகளில் இருப்பவளுக்கு 'ஷோஜோ' என்ற சொல் நிலைபெற்றது. 1902இல் 'ஷோஜோகாய்' என்ற இதழ் வந்தது. தொடர்ந்து பல இதழ்கள் வந்தன. வாசகர் பக்கங்களில் பெண்கள் புனைபெயர்களில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். 1916இல் யோஷியா நொபுகோ எழுதத் தொடங்கிய 'மலர்க் கதைகள்' பள்ளிப் பெண்களுக்கு இடையிலான நேசத்தையே பொருளாகக் கொண்டவை. இரு பாலாரும் ஒன்றாகப் படிக்கலாம் என்று சட்டம் ஏற்றது 1947இல்தான். ஆக, இந்தக் கதை மரபில் தோழிதான் மூத்தவள். காதலன் பின்னால் வகுப்புக்கு வந்து சேர்ந்தவன்.

இதே காலத்தில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவளுக்கு அந்தக் காலி ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஜப்பானின் நூற்பாலைகளும் பட்டாலைகளும் கிராமத்துச் சிறுமிகளின் உழைப்பில் ஓடின. தந்தை முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் முத்திரை வைப்பார். மகள் சுவர் சூழ்ந்த விடுதியில் தங்கி, பன்னிரண்டு மணிநேர ஷிப்டில் அந்தக் கடனை அடைப்பாள். காசநோயோடு ஊர் திரும்பியவர்கள் ஏராளம். ஹொசோய் வகிஸோ 1925இல் இந்த வாழ்வைப் 'பெண் தொழிலாளர்களின் துயர வரலாறு' என்ற நூலாக எழுதினார். அவர் எழுத, ஆலையில் வேலைசெய்து வீட்டைத் தாங்கியவர் அவருடைய துணைவி தக்காய் தோஷியோ. அவரும் நெசவாலைத் தொழிலாளி. தன் வரலாற்றைத் தன் பெயரில் அவர் நூலாக வெளியிட 1980 வரை ஆனது. ஜப்பானிய ஆலைகளில் பெண்களின் இரவு வேலைக்குத் தடை நடைமுறைக்கு வந்தது 1929இல். அதே ஆண்டில்தான் இந்தியாவில் சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயது 14 ஆனது.

பள்ளிச் சீருடை அணிந்தவளை இதழ்கள் வரைந்தன. ஆலைச் சீருடை அணிந்தவளை வரைய ஆளில்லை. இன்றைய இலேசான பள்ளிக் காதல் தொடர்கள் முதலாமவளின் பேத்திகள். 1950களில் இந்த ஓவியக்கதைகளின் தொடக்கப் புள்ளிகளை இட்டவர்களில் தெசுகா ஒசாமு போன்ற ஆண்கள் முக்கியமானவர்கள். 1970களில் ஹாகியோ மோதோ, தகெமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ போன்ற பெண்கள் பேனாவைக் கையில் எடுத்தபின் பெண் மனத்தின் உட்புறம் கதையின் களமாயிற்று. ஷீனா கருஹோவுக்கு அந்தத் தளம் ஆயத்தமாகக் கிடைத்தது.

தொடர் என்ன செய்கிறது

நாயகி குரொநுமா சவாகோ. நீண்ட கருங்கூந்தல், வெளுத்த முகம், தலைகுனிந்த நடை. 'ரிங்' படத்தில் கிணற்றிலிருந்து வரும் பேயின் பெயரான சதாகோ என்று வகுப்பு அவளை அழைக்கிறது. அவள் கண்ணை மூன்று நொடி பார்த்தால் கெட்டது நடக்கும் என்று பேச்சு. அவளோ தினம் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று உறுதி எடுத்திருப்பவள். வெறியாட்டு நினைவுக்கு வருகிறதா? அகப்பாடலில் காதல் வந்ததால் பேய் பிடித்தவள் ஆக்கப்படுகிறாள். இங்கே காதலுக்கு முன்பே பேயாக்கப்பட்டவள், மனிதர்களிடையே மெல்லத் திரும்பி வருகிறாள்.

எல்லோருக்கும் பிடித்த கஸெஹயா ஷோதா அவளிடம் இயல்பாகப் பேசுகிறான். ஆனால் முதல் பருவத்தின் எடையைத் தாங்குவது அவனில்லை. யானோ அயானே, யோஷிதா சிசுரு என்ற இரண்டு தோழிகள். என்னோடு பழகினால் உங்கள் பெயர் கெடும் என்று சவாகோ ஒதுங்கிப் போகிறாள். நற்பெயரை இழந்தவள் அதை மற்றவர்களுக்காகக் காக்க நினைக்கிறாள், அதுவும் பெண்ணுக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம்தான். தோழிகளைப் பற்றி இழிவாகப் பேசும் மாணவிகளை எதிரே பார்க்கும்போது அந்தப் பாடத்தை அவள் உதறுகிறாள். தனக்காக ஒருநாளும் வாய் திறக்காதவள் தோழிகளுக்காக எதிர்த்து நிற்கிறாள். அலருக்கு இங்கே தீர்வு திருமணமில்லை. பேசப்பட்டவள் நேரில் வந்து பேசுவதுதான்.

வதந்தியின் பின்னால் இருந்தவள் குருமிசாவா உமே. கஸெஹயாவை நெடுநாளாக விரும்புகிறவள். இத்தகைய கதைகளில் அழகான பொறாமைக்காரி அவமானப்பட்டுத் திரையைவிட்டு அகல்வது வழக்கம். நம் தொலைக்காட்சித் தொடர்களில் அவளுக்கு வில்லி என்றே பெயர். இங்கே சவாகோ அவளைப் போட்டியாளர் என்று மதிக்கிறாள். குருமி தன் காதலைச் சொல்கிறாள், மறுக்கப்படுகிறாள், அழுகிறாள். கதை அவளைத் துரத்துவதில்லை. ஓவியக்கதையின் பிற்பகுதியில் இருவரும் சேர்ந்து நுழைவுத்தேர்வுக்குப் படித்து ஆசிரியர் பணிக்கான பல்கலைக்கழகத்துக்கே போகிறார்கள். ஒரு ஆணுக்காக மோதிய இரண்டு பெண்களின் கதை, அந்த ஆணைத் தாண்டிப் படிப்பில் போய் நிற்கிறது. தோழிகளுக்கும் சொந்த மனம் உண்டு. சிசுரு விரும்பியவன் வேறொருத்தியை நிச்சயித்துக்கொண்டு ஊர் திரும்புகிறான். அந்தத் துயரத்துக்குத் தொடர் நேரம் ஒதுக்குகிறது. செவிலி மகளுக்குக் கிடைக்காத உரிமை அது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. சவாகோவின் பிறந்தநாள் டிசம்பர் 31. முதல் பருவத்தின் முடிவில், அவளுக்கு 16 நிறையும் இரவில், தோழிகள் சூழ்ச்சி செய்து அவளையும் கஸெஹயாவையும் புத்தாண்டுக் கோயில் வழிபாட்டுக்குத் தனியே அனுப்புகிறார்கள். ஜப்பானியச் சட்டப்படி பெண்ணின் திருமண வயது அப்போது 16. அது 18 ஆனது 2022 ஏப்ரல் 1 முதல்தான். ஆக, சட்டம் அவளைக் கட்டிக்கொடுக்கலாம் என்று சொல்லும் இரவில், கதை அவளுக்கு ஒரு நடையை மட்டும் தருகிறது. இருவரும் காதலைச் சொல்லிக்கொள்வதே அடுத்த பருவத்தில்தான். பள்ளி விழா நாளில் அவளே தேடிப் போய்ச் சொல்கிறாள். 25 பகுதிகள் ஓடியும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பது உண்மைதான். ஒரு பெண் தன் மனத்தில் இருப்பது நட்பா காதலா என்று பிரித்தறிய அவளுக்கு அத்தனை பகுதிகள் தரப்பட்டிருக்கின்றன. இத்தொடர்களை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: தன் மனத்தை அறிய ஒரு பெண்ணுக்கு எவ்வளவு காலம் கிடைக்கிறது?

நம் திரையில்

அதே அளவுகோலைத் தமிழ்த் திரைக்கும் வைத்துப் பார்க்கலாம். 1979இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' வந்தது. பதின்பருவம் அங்கே சிறுவர்களுடையது, ஆசிரியை அவர்கள் பார்வைக்குப் பொருள். 1981இல் 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' இரண்டும் வந்தன. பின்னதில் பள்ளி வயதுக் காதல் மதச் சுவரில் மோதுகிறது, இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். உடன்போக்குதான். 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்'. பள்ளி மாணவியும் மெக்கானிக்கும் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடுகிறார்கள். சாதி அவர்களைப் பிரிக்கிறது, அவன் மனம் பிறழ்கிறான். 2018இல் '96'. பள்ளிக் காதல் 22 ஆண்டு கழித்து ஓர் இரவின் நினைவாக மட்டும் கிடைக்கிறது.

இவற்றுள் நல்ல படங்கள் உண்டு. 'காதல்' சொன்ன உண்மையை வேறு பல படங்கள் சொல்லத் துணியவில்லை. என் கவலை வேறு. எல்லாவற்றையும் இயக்கியவர்கள் ஆண்கள். எல்லாவற்றிலும் பள்ளிக்கூடம் என்பது கதை தொடங்கும் இடம், பெண் சிறிது நேரத்தில் அங்கிருந்து வெளியேற வேண்டும். அவளுக்குத் தோழி இருந்தால் கடிதம் கொண்டுபோவதற்கு இருப்பாள், செவிலி மகளைப் போல. காதல் வந்த பிறகும் அந்தப் பெண் கணக்குத் தேர்வு எழுதினாளா, மதிப்பெண் என்ன வாங்கினாள் என்று இந்தப் படங்களுக்குக் கவலையில்லை. சவாகோ காதலுக்கு நடுவே வகுப்புத் தோழர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளித் தோட்டத்தில் பூச்செடி வளர்க்கிறாள்.

எல்லையோரத்தில்

'ஒண்ணுமே ஆகாது' என்று சொன்ன மாணவி எந்த ஊரில் நின்று அதைச் சொன்னாள் என்பதை இனிப் பார்க்க வேண்டும்.

2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம் கிருஷ்ணகிரி. பெண்சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட நிலப்பகுதி இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலத்தைத் தாண்டிப் பிழைத்த பெண்களின் மகள்கள்தாம் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரையிலான பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18க்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. நாட்டளவில் 23.3 என்பதோடு ஒப்பிட்டுப் பெருமைப்படலாம். ஆனால் அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் அந்தப் பெருமை செல்லாது. 2025 மார்ச்சில் ஓசூருக்கு அருகிலுள்ள மலைப்பகுதியில், கட்டாயமாக மணம் முடிக்கப்பட்ட 14 வயதுச் சிறுமியைக் கதறக் கதறத் தூக்கிச் செல்லும் காணொலியை நாடே பார்த்தது. சாரதா சட்டம் 14 என்று வரையறுத்து அப்போது 95 ஆண்டுகள் கடந்திருந்தன.

மனம்போல் மணந்தவர்களின் கதை இது: 2012 நவம்பர் 7 அன்று, ஒரு மாணவி தலித் இளைஞரை மணந்ததற்காகத் தர்மபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 'நாடகக் காதல்' என்ற சொல் அதையொட்டி அரசியல் மேடைகளில் பெருகியது. பெண்ணுக்கு மனம் என்று ஒன்று இருக்க முடியாது, அவள் ஏமாற்றப்பட்டவளாகத்தான் இருப்பாள் என்பதே அச்சொல்லின் உட்பொருள். 2018 நவம்பரில், சாதி கடந்து மணந்து ஓசூரில் வாழ்ந்த இளம் இணையர் கொல்லப்பட்டு, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் காவிரியில் வீசப்பட்டனர். இங்கே அம்பல், அலர், இற்செறிப்பு, உடன்போக்கு எதுவும் இலக்கணமாகத் தேங்கிவிடவில்லை.

பாதுகாக்க வந்த சட்டமும் சில வேளைகளில் அலரின் கைக்குப் போய்விடுகிறது. 2012இன் போக்சோ சட்டம் 18க்குக் கீழே இசைவு என்பதை ஏற்பதில்லை. மேலே சொன்ன 14 வயதுச் சிறுமிகளுக்கு அது தேவை. அதே சட்டத்தால், பிளஸ் டூ படிக்கும் பெண் காதலிக்கிறாள் என்றறிந்த குடும்பம் பையனைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பெண்ணை வீட்டில் பூட்டவும் முடிகிறது. பதின்பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பெண்ணுக்கு இருக்கும் வழிகள் குற்றத்துக்கு ஆளானவளாக இருப்பது அல்லது மனைவியாக இருப்பது, இரண்டே. இரண்டுக்கும் நடுவே வெறுமனே ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போகும் மூன்றாவது வழி இல்லை. சவாகோவிடம் இருப்பது அந்த மூன்றாவது வழி.

ஆலை விடுதியையும் நாம் கண்டிருக்கிறோம். மேற்கு மாவட்ட நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தில், மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலைசெய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்தார்கள். ஜப்பானில் தந்தைக்கு முன்பணம், இங்கே மாப்பிள்ளைக்குப் பின்பணம். இரண்டிலும் வேலை செய்தவள் கையில் பணம் நிற்கவில்லை. ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது, தொடர்ந்து லாரியும் மோட்டார் பைக்கும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. இப்போது கைபேசி பாகங்கள். இந்தப் புதிய வரிசைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். நம் மலைக் கிராமங்களிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். கம்பெனி பஸ், கம்பெனி விடுதி, ஷிப்ட். சம்பளம் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது, கல்யாணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட முடிகிறது. இவை சிறிய செய்திகள் அல்ல. பள்ளிக்கூடம் தராத காலத்தைச் சிலருக்குக் கம்பெனி தந்திருக்கிறது, அதற்கான விலையை உடலில் வாங்கிக்கொண்டு.

தொடர் பார்க்காதது

இவ்வளவும் சொன்னபின் தொடரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

சவாகோ நன்றாகப் பின்னுகிறாள், சமைக்கிறாள், தோட்டம் போடுகிறாள், எவரையும் வெறுக்காமலிருக்கிறாள். 1899இன் 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' முழுவதுமாகப் போய்விடவில்லை, இனிமையான முகத்தோடு மீண்டு வந்திருக்கிறது. அவளை வகுப்பு மனிதராகப் பார்ப்பதற்கு வகுப்பின் மிகப் பிரியமான பையன் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. அவளிடம் கோபம் மிகக் குறைவு. பேய் என்று ஒதுக்கியவர்கள்மேல் ஒருநாளாவது அவள் சினந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

இன்னும் பெரிய மௌனம் ஒன்று உண்டு. ஜப்பானிலும் பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், புராகுமின் மக்கள். அவர்கள் வசிக்கும் ஊர்களின் பட்டியலை இரகசியமாக அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றது 1975இல் அம்பலமானது. வேலைக்கு எடுக்கும் முன்னும், பெண் பார்க்கும் முன்னும் அந்தப் பட்டியலைப் புரட்டினார்கள். அந்தப் பட்டியல் இந்த வகுப்பறைக்குள் வருவதேயில்லை. சவாகோ தூற்றப்படுவது முகத்துக்காக, முடிக்காக. சிரித்தால் தீர்ந்துபோகும் இழிவு அது. பிறப்பின் பேரால் வரும் இழிவு சிரித்தால் தீராது. இந்தத் தொடரின் இலேசு, கனமானவற்றை வாசலிலேயே நிறுத்திவைத்ததால் கிடைத்தது.

காதலர் தினப் பகுதியைப் பார்க்கும்போது இது எனக்கு நன்றாக உறைத்தது. ஜப்பானில் பிப்ரவரி 14இல் பெண்கள்தாம் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். சாக்லேட் விற்பனையாளர்கள் வளர்த்தெடுத்த வழக்கம் அது. சவாகோ வீட்டிலேயே செய்த சாக்லேட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கொடுக்க விரும்பியவனுக்கு மட்டும் கொடுக்க முடியாமல் வீடு திரும்புகிறாள். அதே நாளுக்காகத்தான் ஓசூர், தளி, பாகலூர்ப் பசுமைக்குடில்களில் சனவரி முழுக்க ரோஜா வெட்டி, தண்டின் நீளம் பார்த்துத் தரம்பிரித்து, கட்டி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். முள் குத்திய கைகளில் பெரும்பாலானவை பெண் கைகள். உலகத்தின் காதலுக்குப் பூக் கொடுக்கும் ஊரில், ஒரு பெண் கையில் ஒற்றை ரோஜாவோடு பேருந்து நிலையத்தில் நின்றால் அலர் எழுந்துவிடும். ஒருவரின் இலேசு எங்கோ இன்னொருவரின் கனத்தின்மேல் நிற்கிறது.

அப்படியானால் இந்தத் தொடரைக் கனவு என்று தள்ளிவிடலாமா? நான் தள்ளமாட்டேன். சாதியைப் பேசாத கதை பொய் என்று சொல்வது எளிது. ஆனால் பெண்ணுக்குச் சாவும் ஓட்டமும் மட்டுமே முடிவாகக் காட்டும் கதைகளை நூறுமுறை பார்த்த பெண், பயத்தைத்தான் கற்றுக்கொள்கிறாள். பயம் அலரின் வேலையாள். வதந்தி எழுந்த மறுநாளும் வகுப்புக்குப் போகலாம், மறுக்கப்பட்டவள் உயிரோடு இருந்து பல்கலைக்கழகம் போகலாம், போட்டியாளர் தோழியாகலாம் என்று ஒரு கதை காட்டுமானால் அது ஒரு வழக்கத்தைக் கற்றுத்தருகிறது. அந்த வழக்கம் நம் ஊரில் இல்லாததனால்தான் அது கனவாகத் தெரிகிறது.

2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயணச்சீட்டும் பணமும் படிப்பை நீட்டிக்கின்றன. 1899இல் ஜப்பானிய அரசுக்கே தெரியாமல் அங்கே காலி ஆண்டுகள் உருவானதுபோல, இங்கும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆண்டுகளில் நம் பெண்கள் என்ன செய்யலாம் என்று சொல்லும் கதைகள் தமிழில் இன்னும் போதவில்லை. வேலைமுடிந்து விடுதிக் கட்டிலில் படுத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சவாகோவின் வகுப்பைப் பார்க்கும் கம்பெனிப் பெண்ணும், கல்லூரிப் பேருந்தில் அதையே பார்க்கும் மாணவியும் ஒரே கதைக்கு வாசகிகளாகியிருக்கிறார்கள். ஜப்பானில் தனித்தனியாக வளர்ந்த அந்த இருவரும் இங்கே ஒரே திரையின் முன் இருக்கிறார்கள்.

அவர்களுக்கான கதையில் சாதியும் இருக்கும், ஷிப்டும் இருக்கும், தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சும் இருக்கும். அதை அவர்களில் ஒருத்திதான் எழுத வேண்டும். அந்தக் கதையிலும் ஒருத்தியைப் பற்றி ஊர் பேசும். பேசிக்கொண்டே இருக்கட்டும். அவள் மறுநாள் காலை முதல் மணிக்கு வகுப்பில் இருப்பாள்.